கிராண்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்

மலேசியாவில் இடைநிலைப் பள்ளி முடிக்கும் பிள்ளைகள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வெளியாகும் வாரத்தில் என் ஃபோன் ஓயாது. சொந்தக்காரர்கள், கோயிலில் பழக்கமானவர்கள், அம்மாவின் தோழிகள். "மகளுக்குக் கணக்குல ஏ, அக்கவுண்ட்ஸ்ல ஏ. டாக்டருக்குக் கிடைக்காது போல. வேற என்னா படிக்கலாம்மா?" நான் என் தொழிலைச் சொல்வேன்: சொத்து மதிப்பீடு. அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு, "ஓ, வீடு விக்கிற ஏஜண்டா?"

ஒவ்வொருவருக்கும் ஃபோனிலேயே முழுசாக விளக்க முடிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீடு விற்கும் ஏஜண்ட் வேறு, நாங்கள் வேறு. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்குவது அவர்கள் தொழில். அவர்களுக்குக் கீழே கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வீடு காட்டும் நெகோஷியேட்டர் ஆக இரண்டு நாள் வகுப்பு போதும். மதிப்பீட்டாளர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுபவர். அந்தக் கையெழுத்தை நம்பி வங்கி கடன் கொடுக்கிறது, நீதிமன்றம் இழப்பீடு தீர்மானிக்கிறது, அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். 1981-ஆம் ஆண்டின் 242-ஆவது சட்டப்படி, நிதி அமைச்சின் கீழ் இயங்கும் வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் அந்தக் கையெழுத்தைப் போட முடியும். மற்றவர் யார் சொன்னாலும் அது பேச்சு வழக்கில் ஒரு விலை, அவ்வளவுதான்.

நான் புக்கிட் மெர்தாஜாம் பக்கம். பாட்டி கூலிம் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அப்பா லாரி ஓட்டினார். ஸ்கூடாயில் யு.டி.எம். எனப்படும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்கு வந்தேன். இன்றுவரை இங்கேதான்.

இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் விஷயத்தையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: நாங்கள் விலை போடுவது கட்டடத்துக்கோ மண்ணுக்கோ அல்ல, அதன் மேல் ஒருவருக்கு இருக்கும் உரிமைக்கு. இதை வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தந்துவிடுவார்கள். புரிவதற்கு ஒரு கடைவீட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

லிட்டில் இந்தியாவில் லெபோ பசாரிலோ லெபோ குயினிலோ இருக்கும் ஒரு பழைய கடைவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். வாசலில் ஐந்தடி நடைபாதை, அது உங்கள் கிராண்டுக்குள், அதாவது நில உரிமைப் பத்திரத்துக்குள், இருந்தாலும் ஊராருக்கும் நடக்க வழி. கீழே துணிக்கடை, மாடியில் சரக்கு. நடுவில் வானம் பார்த்த முற்றம், பல வீடுகளில் அதைத் தகரம் போட்டு மூடிவிட்டிருப்பார்கள். நான் உள்ளே போனதும் லேசர் அளவியை எடுப்பதற்கு முன்னால் சுவரைத்தான் தொட்டுப் பார்ப்பேன். அடிப்பாகத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புப் பூச்சு. ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். பிற்காலத்தில் யாரோ அழகுக்காக அதன் மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும். பிறகு மாடிப்படி. மர உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கரையான் முதலில் தின்பது அந்த முனைகளைத்தான். பக்கத்துவீட்டுக்காரரோடு சுவர் பொது. அவர் கூரையை மாற்றினாரா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டுக்கொள்வேன். கடை முதலாளி தேத்தண்ணி வரவழைப்பார். "என்னா விலை போகும்மா?" என்று கேட்பார். சிரித்துவிட்டு அளவெடுப்பேன்.

இத்தனையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மதிப்பில் பாதிக் கதைகூட கைக்கு வந்திருக்காது. மீதி சட்டத்தில் இருக்கிறது.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குப் பொருந்தியது. வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதில் கிளப்பவும் முடியாது. பழைய ஜார்ஜ்டவுனின் பெரும்பகுதி இந்தச் சட்டத்துக்குள்தான் வாழ்ந்தது. 1997-இல் சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால அவகாசம் முடிந்து 2000 ஜனவரி 1 முதல் வாடகை சந்தையின் கைக்குப் போனது.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு கடைவீட்டுக்கு வாடகை மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்) என்று வைப்போம். வருடத்துக்கு 1,200. செலவெல்லாம் கழித்த பிறகு என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலீட்டாளர் 6 விழுக்காடு வருமானம் எதிர்பார்த்தால் அவர் கொடுக்கத் தயாராக இருப்பது 20,000 வெள்ளி. சட்டம் போன பிறகு அதே கடைக்கு மாதம் 2,000 வெள்ளி கிடைக்கிறது என்றால் வருடத்துக்கு 24,000, அதே 6 விழுக்காட்டில் 4 லட்சம். அதே செங்கல், அதே கரையான். வீட்டுக்காரரின் உரிமை பெரிதாயிற்று, குடியிருந்தவரின் உரிமை காணாமல் போயிற்று. அந்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறின. பூக்கட்டுகிறவர்கள், தையல்காரர்கள், மாவு மில்காரர்கள் என்று பல தொழில்கள் அவர்களோடு போயின. மதிப்பு ஏறியது என்று அறிக்கையில் ஒரு வரியில் எழுதுகிறோம். அந்த ஏற்றம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதையும் மதிப்பீட்டாளர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. மைய வட்டாரமும் அதைச் சுற்றிய காப்பு வட்டாரமும் சேர்த்து 259.42 ஹெக்டர். அதற்குள் இருக்கும் கடைவீட்டை இடித்து மாடிமேல் மாடி கட்டும் உரிமை இல்லை. அந்த உரிமை போனதால் விலை விழும் என்று கணித்தவர்கள் உண்டு. விழவில்லை, ஓட்டல் நடத்துகிறவர்களும் வெளிநாட்டுப் பணமும் வந்தார்கள். இப்படி ஒவ்வொரு தெருவிலும் எந்த உரிமை கூடியது, எந்த உரிமை குறைந்தது, சந்தை அதற்கு என்ன பதில் சொன்னது என்று தேடிப் பார்ப்பதுதான் வேலை. எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

அடுத்தது கிராண்ட். நம் வீடுகளில் கிராண்ட் என்றால் இரும்புப் பெட்டியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கும் காகிதம். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றிவைப்போம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் குறைவு. லாட் எண், முக்கிம் எனப்படும் வட்டாரப் பிரிவு, பரப்பளவு. நிலப் பயன்பாட்டு வகை விவசாயமா, கட்டடமா, தொழிற்சாலையா. வெளிப்படை நிபந்தனை என்ன. நிரந்தர உரிமையான ஃப்ரீஹோல்டா, குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டுமான லீஸ்ஹோல்டா, லீஸ்ஹோல்ட் என்றால் 99 வருடத்தில் எத்தனை மிச்சம். விற்க மாநில அரசின் அனுமதி வேண்டும் என்று கட்டுப்பாடு இருக்கிறதா. வங்கியின் பெயரில் அடமானம் நிற்கிறதா. நிலத்தைக் கைமாற்றாமல் தடுக்க யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா. இந்த ஒவ்வொரு வரியும் விலையை மாற்றும். பக்கத்துப் பக்கத்து இரண்டு நிலம், ஒரே அளவு, ஒரே மண், ஒன்று விவசாயம், மற்றது கட்டடம் என்றால் விலை ஒன்றாக இருக்கவே இருக்காது. இதைத் தெரியாமல் "பக்கத்து நிலம் அவ்வளவுக்குப் போச்சே" என்று ஏமாந்தவர்களையும், ஏமாற்றப்பட்டவர்களையும் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நம் ஜனங்களுக்கு நிலம் புதிதல்ல. பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி எனப்படும் வட்டிக்கடைகளில் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருந்த நகரத்தார் நிலத்தைப் பிணையாக வாங்கிக் கடன் கொடுத்தார்கள். நிலத்தின் மதிப்பை எடைபோடத் தெரியாதவர்களால் அந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்தியிருக்க முடியாது. ஆனால் தோட்டத்து ஜனங்களின் கதை வேறு. நிலத்தில் பிறந்தார்கள், நிலத்தில் உழைத்தார்கள், லயத்து வீட்டில் செத்தார்கள். கிராண்டில் அவர்கள் பெயர் எங்கும் கிடையாது. 1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையோடு கூரையும் போனது. அதைப் பார்த்துத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். என் பாட்டி அந்தப் பத்து வெள்ளியைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். ஒரு பங்குச் சீட்டு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். தன் பெயர் போட்ட காகிதம் என்று மட்டும் தெரிந்திருந்தது.

பினாங்கில் இருக்கிறவர்களுக்கு கெலுகோர் கம்போங் புவா பாலாவை நினைவூட்டத் தேவையில்லை. தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள். வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போயிற்று. நிலத்தின் மேல் அவர்களுக்குச் சட்ட உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. 2009-இல் அந்தக் கம்பம், அதாவது கிராமம், இடிக்கப்பட்டது. அரசியல் பேச நான் வரவில்லை. தொழில்காரியாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் அந்த வருடக் கடைசியோடு முடிந்துவிடும். வேறொருவருக்கு மாற்ற முடியாது, வைத்திருப்பவர் இறந்தால் அதோடு சரி. அறுபது வருடம் புதுப்பித்தாலும் அது கிராண்டாக மாறாது. இந்த உண்மையை இன்னும் பல கம்பங்களில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. நிலைமை கைமீறும் முன் சொல்லக்கூடிய ஆள் அந்தக் கம்பத்திலேயே ஒருவர் இருந்தால், மாநில அரசிடம் நிலப் பட்டாவுக்கு மனுப் போடும் காரியமாவது நேரத்தில் நடக்கும்.

நில எடுப்பு விஷயம் இன்னும் அவசரமானது. சாலைக்கோ ரயிலுக்கோ வாய்க்காலுக்கோ அரசு நிலம் எடுக்கும்போது 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி வீட்டுக்கு போராங் இ (E படிவம்) வரும். விசாரணைக்கு வா என்ற அறிவிப்பு அது. குறைந்தது 21 நாள் இடைவெளி கொடுப்பார்கள். நம்மவர்கள் அந்த 21 நாளை என்ன செய்கிறார்கள்? கட்சித் தலைவரைப் பார்க்கப் போகிறார்கள், கோயில் தலைவரிடம் காட்டுகிறார்கள், யாரோ ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். மதிப்பீட்டாளரிடம் வருவது கடைசியில், சில நேரம் எல்லாம் முடிந்த பிறகு.

ஒரு பெரியவரோடு விசாரணைக்குப் போனது நினைவில் நிற்கிறது. கையில் ஒரு ஃபைல். அதில் அவர் அப்பா நட்ட மாமரங்களின் படங்கள். அப்பா அந்த நிலத்தை எப்படி வாங்கினார் என்று தொடங்கிப் பேச வேண்டும் என்று வந்திருந்தார். "மாமா, மரத்துக்கும் கணக்கு உண்டு, சொல்வோம். முதல்ல ரோட்டை ஒட்டி எத்தனை அடி போகுதுன்னு பார்ப்போம்" என்றேன். எடுக்கப்போவது முன்பக்கத்தில் ஒரு கீற்று. எடுக்கிற சதுர அடிக்கு மட்டும் காசு போட்டிருந்தார்கள். 20,000 சதுர அடி நிலத்தில் 3,000 அடி போகிறது என்றால் 3,000 அடிக்கு விலை என்பது குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அந்த முன்கீற்று போனால் மீதி 17,000 அடிக்கு ரோட்டில் வாசல் இருக்குமா? வாசல் இல்லாத நிலம் என்ன விலைக்குப் போகும்? துண்டிப்பால் மீதி நிலத்துக்கு ஏற்படும் நஷ்டத்தையும் கேட்கலாம் என்று சட்டத்தின் முதல் அட்டவணையே சொல்கிறது. அதே அட்டவணை, புதுச் சாலையால் மீதி நிலத்தின் மதிப்பு ஏறினால் அதைக் கழிக்கவும் சொல்கிறது. இரண்டையும் எடுத்து வைத்து, பக்கத்தில் நடந்த உண்மையான விற்பனைகளைக் காட்டி, அடிக்கு இவ்வளவு என்று எழுத்தில் கொடுத்தால் நில நிர்வாகி அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அவர் தீர்ப்பு போராங் ஜி-யில் வரும், தொகையைக் கொடுக்கும் அறிவிப்பு போராங் எச். திருப்தி இல்லையென்றால் போராங் 'என்' (N படிவம்) வழியாக ஆட்சேபம். விசாரணைக்கு நேரில் போனவருக்கு ஆறு வாரம்தான் கெடு. கொடுத்த தொகையை ஆட்சேபத்தோடு வாங்குவது ஒன்று, பேசாமல் வாங்கிக்கொள்வது வேறு.

ஆட்சேபம் உயர்நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதியோடு இரண்டு மதிப்பீட்டு வல்லுநர்கள் உட்கார்வார்கள். ஒரு காலத்தில் தொகை விஷயத்தில் அவர்கள் சொன்னதே நீதிபதியைக் கட்டுப்படுத்தியது. 2017-இல் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண், தீர்மானிக்க வேண்டியவர் நீதிபதியே என்று சொல்லிவிட்டது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. எங்கள் எண் ஒரு நிபுணரின் கருத்து, சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணைக்குத் தாங்க வேண்டிய கருத்து. தாங்காத எண்ணை முதலிலேயே எழுதக் கூடாது.

கோயில் மதிப்பீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. தீக் காப்பீட்டுக்காக ஒரு கோயிலை மதிப்பிடச் சொல்வார்கள். கோயிலை யாரும் சந்தையில் விற்பதில்லை, ஒப்பிட விற்பனை கிடையாது. ஆகவே, இன்றைக்கு அதே மாதிரி திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்று போக வேண்டும். மண்டபத்தைச் சதுர அடிக் கணக்கில் பார்த்துவிடலாம். கோபுரத்தை அப்படிப் பார்க்க முடியாது. எத்தனை நிலை, சுதைச் சிற்பமா கருங்கல்லா, தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியையும் ஆட்களையும் வரவழைத்தால் அவர்கள் கூலி, விசா, தங்கும் செலவு, கல் வந்து சேரும் கப்பல் கூலி. எரிந்ததை இடித்து அகற்றும் செலவும், கட்டட நிபுணர்களின் கட்டணமும் சேரும். நிலம் எரியாது, அதனால் நிலத்தின் விலை இதில் சேராது. பழைய கும்பாபிஷேகக் கணக்குப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் எனக்கு அது தங்கம். நிர்வாகத்தில் இருப்பவர்கள் பிரீமியத்தைக் குறைக்க "பாதிக்குப் போட்டா போதும்மா" என்பார்கள். போதாது. 20 லட்சம் மதிப்புள்ளதை 10 லட்சத்துக்குக் காப்புறுதி செய்து 4 லட்சத்துக்குச் சேதமானால், பாதிக்குக் காப்புறுதி என்றால் இழப்பீடும் பாதிதான் என்னும் சராசரி விதியின்படி கைக்கு வருவது 2 லட்சம். இதை வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டினால் உடனே புரிந்துகொள்கிறார்கள். நம்மவர்களிடம் கணக்குப் போட்டுக் காட்ட ஆள் இல்லாததுதான் குறை.

இயந்திர மதிப்பீடு தனி உலகம். அதில் என் அனுபவம் குறைவு, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் இருக்கும் தொழிற்சாலைகளுக்குள் போய் ஒவ்வொரு இயந்திரத்தின் பெயர்த்தகட்டையும் படம் எடுக்க வேண்டும்: தயாரித்தவர், மாடல், சீரியல் எண், ஆண்டு, திறன். கொதிகலன் என்றால் பி.எம்.டி. (PMD) எண், அழுத்தக் கலன் என்றால் பி.எம்.டீ. (PMT) எனப்படும் பதிவு எண் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேயும் பழைய பாடமே. தரையில் பளபளவென்று நிற்கும் இயந்திரம் லீசிங் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கலாம். கேட்காமல் பட்டியலில் சேர்த்தால் வாடிக்கையாளருக்கு இல்லாத சொத்துக்கு மதிப்புப் போட்டதாகிவிடும். இயந்திரம் பிடித்த பிள்ளைகள், பொறியியல் பக்கம் மனசு இருப்பவர்கள் இந்தப் பிரிவுக்கு வரலாம். ஆட்கள் குறைவு.

"கம்ப்யூட்டரே விலை சொல்லிடுமே அக்கா, இந்த வேலை இருக்குமா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஒரே மாதிரி நானூறு வீடு இருக்கும் கொண்டோவில் ஒரு வீட்டுக்கு விலை சொல்ல மென்பொருள் போதும், வருங்காலத்தில் அந்த வேலை குறையும். வங்கிக் கடனுக்கான சாதாரண வீட்டு அறிக்கைகளை மட்டுமே நம்பி இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்றே சொல்வேன். கோயிலையும் பழைய கடைவீட்டையும் முன்கீற்று போன மாந்தோப்பையும் மென்பொருள் போய்ப் பார்க்காது.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். மலாயாப் பல்கலைக்கழகம், யு.டி.எம்., யு.ஐ.டி.எம். போன்றவற்றில் சொத்து நிர்வாகம், ரியல் எஸ்டேட் பெயர்களில் பட்டப்படிப்பு இருக்கிறது. சேர்வதற்கு முன் அந்தப் படிப்பை வாரியம் அங்கீகரித்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். முடித்ததும் பயிற்சி மதிப்பீட்டாளராகப் பதிய வேண்டும். பதிவு பெற்ற ஒருவரின் கீழ் குறைந்தது இரண்டு வருட அனுபவம், செய்த வேலையை எல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைப்பது, பிறகு டி.பி.சி. எனப்படும் தொழில்திறன் தேர்வு. நேர்முகத்தில் நீங்கள் எழுதிய அறிக்கையை வைத்தே கேள்வி கேட்பார்கள். ஏன் இந்த விற்பனையை ஒப்பீட்டுக்கு எடுத்தாய், ஏன் மூலை லாட்டுக்கு இத்தனை விழுக்காடு கூட்டினாய், ஏன் குறைவாகக் கூட்டவில்லை. மனப்பாடம் அங்கே நிற்காது.

வேலை இடங்கள் பல. தனியார் நிறுவனங்கள். ஜே.பி.பி.எச். என்னும் அரசு மதிப்பீட்டுத் துறை, முத்திரை வரிக்காக நாட்டின் சொத்து மாற்றங்கள் எல்லாம் அவர்கள் மேசைக்குப் போகின்றன, நாங்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் விற்பனைத் தகவலும் அங்கிருந்தே வருகிறது. மதிப்பீட்டு வரியைத் தீர்மானிக்கும் நகராண்மைக் கழகங்கள், மாநகர் மன்றங்கள். வங்கிகள், ரெய்ட் எனப்படும் சொத்து முதலீட்டு அறக்கட்டளை நிறுவனங்கள். மொழி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு நல்ல அனுகூலம் உண்டு. அறிக்கை ஆங்கிலத்தில், நில அலுவலகத்தில் மலாய், வாடிக்கையாளரிடம் தமிழ். பினாங்கில் கொஞ்சம் ஹொக்கியேன் வந்தால் பக்கத்துக் கடைக்காரர் வாடகையைச் சொல்லிவிடுவார்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்பது, வெளியே அலைய வேண்டுமா? ஆமாம், அலைய வேண்டும். பூட்டிக்கிடக்கும் வீடு, காடு மண்டிய நிலம் எல்லாம் உண்டு. ஆளில்லாத இடத்துக்குத் தனியாகப் போவதில்லை என்று நான் ஆரம்பத்திலேயே அலுவலகத்தில் சொல்லிவிட்டேன், யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "கொஞ்சம் ஏத்திப் போடுங்களேன்" என்ற வார்த்தை வரும். கடன் கூடுதலாக வேண்டியவர் ஏற்றச் சொல்வார், பங்கு பிரிக்கும்போது தங்கைக்குக் குறைத்துக் கொடுக்க நினைப்பவர் இறக்கச் சொல்வார். தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள் கேட்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கும். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "இந்த விலைக்குப் போன விற்பனை ஒண்ணு காட்டுங்க, நான் மாத்திக்கிறேன்." காட்டினால் உண்மையாகவே மாற்றிக்கொள்வேன். காட்டாவிட்டால் எண் அப்படியே நிற்கும். சில வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். போகட்டும். அண்ணன் சொன்ன விலையை நம்பிக் கையெழுத்துப் போடவிருந்த ஒரு தங்கை என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது போதும்.

படிப்பு முடித்து வேலைக்கு நேர்முகம் போகிறவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். என் நாட்குறிப்பில் கையெழுத்துப் போடப்போகும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் யார், அவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரா, பெயர் மட்டும் பலகையில் இருக்கிறதா. வங்கி வேலை தவிர நில எடுப்பு, வழக்கு, காப்புறுதி, இயந்திரம் இவற்றில் ஏதாவது வருகிறதா. முதல் வருடத்தில் என்னை இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவீர்களா, இல்லை தட்டச்சு மட்டுமா. அந்த மதிப்பீட்டாளரின் பெயரை வாரியத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் போராங் இ வந்து கிடப்பவர்கள் இதை எல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். கிராண்டின் நகல், வரி ரசீது, அறிவிப்பு வந்த தேதி மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே பதிவு பெற்ற ஒருவரைப் போய்ப் பாருங்கள்.